ரப்பர் துப்பாக்கி

"கை இப்படி நடுங்குனா நீ சுடப்போறது கொலைகாரன இல்லப்பா, நம்ம பாஸ்டரோட தொப்பையத்தான்!" என்றார் ராய்ஸ்.

டெல்பெர்ட் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதரை, ஓக்லஹோமாவின் ஜூலை வெயிலில் இரண்டு நாளாகத் துப்பாக்கிப் பயிற்சி என்று வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வசந்தத்தில் பக்கத்து மாவட்டத்து சர்ச் ஒன்றில் ஒருவன் புகுந்து சுட்டதிலிருந்து, சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு சர்ச்சுக்கும் ஒரு காவல் குழு வந்துவிட்டது. இந்த சர்ச்சுக்கு டெல்பெர்ட், மாட்டுப்பண்ணை ராய்ஸ், மருந்துக்கடை இமோஜின் என்று மூன்று பேர்.

"இது வெறும் பரீட்சைதானே அண்ணே, ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?" என்றாள் இமோஜின்.

"பரீட்சைன்னு எனக்குத் தெரியுதும்மா. என் முட்டிக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

பயிற்சியாளர் ஸ்டோவால் விசில் ஊதினார். முன்னாள் போலீஸ்காரர். பேச்சும் விசில் மாதிரிதான்.

"கேட்டுக்கங்க. உங்க நிஜத் துப்பாக்கியெல்லாம் என் வண்டில பூட்டியாச்சு. இப்ப உங்க கையில இருக்கிறது ரப்பர். கொலைகாரனா நடிக்கப் பைன் ஹாலோ சர்ச்சுல இருந்து ஒருத்தர் வருவார். தெரிஞ்ச மூஞ்சின்னா உங்களுக்குப் பயம் வராது, அதான் வெளியூர் ஆளு. நானே அவரப் பார்த்ததில்ல. பன்னெண்டுல இருந்து ரெண்டு மணிக்குள்ள எப்ப வேணா வருவார். யாரு முதல்ல பார்க்கிறாங்களோ, அவங்க 'துப்பாக்கி'ன்னு கத்திட்டு சுடணும். அதுவரைக்கும் மத்தவங்க அசையக் கூடாது. அசைஞ்சா நிஜத்துல உங்களுக்குள்ளயே சுட்டுக்குவீங்க."

டெல்பெர்ட்டுக்குக் கொடுத்திருந்த இடம் ஞாயிறு வகுப்புக் கதவு. இன்று சனிக்கிழமை, அறை காலி. நாளைக்கு அதற்குள் அவருடைய பேத்தி டெஸ்ஸாவோடு பதினேழு குழந்தைகள் இருப்பார்கள். ஒருவன் நிஜமாகவே வந்து, தான் மரமாக நின்றுவிட்டால்? இந்தப் பரீட்சையில் தோற்றால் அந்தக் கதவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவருக்குத் தோற்கவும் பயம், ஜெயிக்கவும் பயம்.

பன்னிரண்டரை மணிக்குப் பக்கவாட்டுக் கதவு திறந்தது.

நாற்பது வயதிருக்கும். அந்த வெயிலிலும் கனமான கோட்டு. சவரம் செய்யாத முகம். கண்கள் சிவந்திருந்தன. அவன் கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்தபோது அதில் துப்பாக்கி இருந்தது.

டெல்பெர்ட் வாயைத் திறந்தார். கத்த வேண்டிய வார்த்தை வரவில்லை. இடுப்புக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"வெண்டி எங்க?" என்றான் வந்தவன். "இங்கதான ஒளிஞ்சிருக்கா? எல்லாருமாச் சேர்ந்து அவள மறைக்கிறீங்களா?"

துப்பாக்கி நேராக டெல்பெர்ட்டின் நெஞ்சைப் பார்த்தது. நடிப்பு என்று தெரிந்தும் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மேலே பாடகர் மாடத்தில் ஸ்டோவால் கடிகாரமும் நோட்டுமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சுகளுக்குப் பின்னால் ராய்ஸும் இமோஜினும் டெல்பெர்ட்டின் கத்தலுக்காகப் பதுங்கிக் கிடந்தார்கள்.

"வெண்டி இங்க இல்லையே தம்பி." பஸ்ஸில் முரண்டு பிடிக்கும் பிள்ளைகளோடு பேசிப் பேசிப் பழகிய வாய், பயத்தில் தானாகவே பேசியது. "இந்த வெயில்ல கோட்டு எதுக்கு? ஏதாவது சாப்பிட்டியா?"

"என்னது?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன். இமோஜின் பீச் பழ கேக் கொண்டாந்திருக்கா. காபியும் இருக்கு. என்ன, காலைல போட்டது."

ராய்ஸ் சத்தமில்லாமல் தலையில் அடித்துக்கொண்டார்.

வந்தவனின் உதடு துடித்தது. "நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

"அப்ப உக்காரு. நானும் உக்காந்துக்கறேன். வெண்டி யாரு, உன் சம்சாரமா?"

அவன் ஏதேதோ சொன்னான். டெல்பெர்ட் ஊம் கொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவன் துப்பாக்கியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான். டெல்பெர்ட் காபி ஊற்றினார். பாதி தரையில்தான் விழுந்தது.

விசில் அலறியது.

"ஏழு நிமிஷம்!" ஸ்டோவால் படிகளில் தடதடவென்று இறங்கினார். "நிஜமா இருந்தா இந்நேரம் மூணு பேருக்கும் சவப்பெட்டி சொல்லியிருக்கணும். சுட வந்தவனுக்கு விருந்தா வைக்கிறீங்க?"

"அடுத்த தடவை ஐஸ்கிரீமும் வச்சிரலாம் மாஸ்டர்," என்றார் ராய்ஸ், தூசியைத் தட்டிக்கொண்டே.

"சும்மா இருங்க அண்ணே. அவர் அழுததப் பார்த்து எனக்கே கண்ணு கலங்கிருச்சு. என்னமா நடிக்கிறார்!" என்றாள் இமோஜின்.

டெல்பெர்ட் வெட்கத்தில் குறுகிப்போனார். ரப்பர் துப்பாக்கியை இடுப்பிலிருந்து கழற்றி ஸ்டோவாலிடம் நீட்டினார்.

"அந்தக் கதவு எனக்கு வேண்டாம் மாஸ்டர். குழந்தைங்க இருக்கிற இடம். நான் அதுக்கு லாயக்கில்ல."

ஸ்டோவால் அதை வாங்கிக்கொண்டு, நோட்டில் அவர் பெயரை அடித்தார்.

அப்போது முன்வாசல் வழியாகக் குண்டு மனிதர் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்கங்க, வழியில டயர் வெடிச்சு லேட்டாயிருச்சு. பைன் ஹாலோ சர்ச்சுல இருந்து வரேன். கொலைகாரன் வேஷம் என்னுதுதான், ஆரம்பிக்கலாமா?"