உப்பு போட்ட நடைபாதை

ஓரின் லிண்டால் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெர்னா கிவேலா அசையாமல் மல்லாந்து கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஓரின் குடியிருக்கும் மேட்டுத் தெருவில் பத்தொன்பது வருடமாகத் தபால் கொடுப்பவள். முந்தாநாள் காலை ஓரினின் வீட்டு முன்னால்தான், நடைபாதையில் வழுக்கி விழுந்தாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் தபால் நிலைய மேலாளர் ஹாலோரன், தொடை மேல் விபத்துப் படிவத்தை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

டுலூத் நகரத்தில் அவரவர் வீட்டு முன்னால் விழுந்த பனியை அவரவரே அள்ளி, ஐஸ் பிடித்து வழுக்காமல் இருக்க உப்பும் போட வேண்டும். அள்ளாதவர் வீட்டுக்கு நகராட்சி நோட்டீஸ் வரும். அப்படி மூன்று நோட்டீஸ்கள் அந்தத் தெருவுக்கு வந்திருந்தன. மூன்றுக்கும் புகார் சொன்னவர் ஓரின்தான். அதைத் தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லவும் செய்திருந்தார்.

“நடைபாதை எப்படி இருந்துச்சு வெர்னா?” என்றார் ஹாலோரன்.

ஓரின் மறுபடியும் எழுந்தார். கால் தானாக ஜன்னலுக்குப் போனது. கீழே ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது.

“ஒரு குறையும் இல்ல,” என்றாள் வெர்னா. “உப்பு போட்டிருந்தாரு. நானே பாத்தேன்.”

“நானும் போய்ப் பாத்தேன். நல்லாத்தான் போட்டிருக்காரு.” ஹாலோரன் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டார். “அப்ப உங்க கவனக்குறைவுன்னுதான் எழுதணும். அது உங்க ரெக்கார்டுல ஏறிடும். ரிட்டயர் ஆக இன்னும் பத்தே மாசம். யோசிச்சுச் சொல்லுங்க.”

“எழுதுங்க.”

பேனா காகிதத்தில் கீறும் சத்தம் ஓரினின் முதுகில் ஊர்ந்தது.

கையெழுத்து வாங்கிக்கொண்டு ஹாலோரன் போய்விட்டார்.

ஓரினுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரொட்டியை நீட்டினார். வெர்னா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“ரொட்டிய வச்சிட்டுக் கெளம்புங்க ஓரின். இனிமே யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

குரலில் கோபம் இல்லை. கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவர் நேராக வீட்டுக்குப் போயிருப்பார்.

வராந்தாவில் முதலில் நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு, அறுபத்திரண்டு வயதில், கனத்த பூட்ஸுடன் ஓடினார். ஒரு நர்ஸ் ஒதுங்கி நின்று திட்டினாள்.

லிஃப்ட் கதவு மூடப்போகும்போது கையை உள்ளே விட்டுத் தடுத்தார்.

“அந்தக் காயிதத்தக் குடுங்க. அதுல எழுதினது பொய்.”

ஹாலோரன் லிஃப்டை விட்டு வெளியே வந்தார். “உப்பு இருந்துச்சே சார். என் கண்ணால பாத்தேனே?”

“நாலு நாளா நான் மண்வெட்டியத் தொடவே இல்ல. சோம்பல். பனி இறுகி ஐஸாப் போச்சு. அவ விழுந்தப்புறம்தான் உப்பு போட்டேன்.”

ஹாலோரன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். தோளில் கை வைத்தார்.

“ஆம்புலன்ஸ் வந்து ஏத்திட்டுப் போன பிறகு, பயத்துல போட்டிருப்பீங்க. இது யாரும் செய்றதுதானே.”

ஓரின் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

“உப்பு போட்டப்ப ஆம்புலன்ஸுக்கு நான் இன்னும் போனே பண்ணல,” என்றார். “அவளைச் சுத்திதான் போட்டேன். எந்திரிக்க முடியாம என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்தா.”