திருட்டு முழி

சித்தப்பா மாசிலாமணி கார்ட்டூன் வரைகிறவர். எந்தப் பத்திரிகையிலும் வேலை இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுப்பார். இந்த மாதம் சங்கிலித் திருட்டைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு ஒரு சுவரொட்டி.

"ஏட்டி செவ்வந்தி, திருட்டு முழி முழி, பாப்போம்" என்றார். முகபாவத்துக்கு என்னைத்தான் நிறுத்தி வைப்பார். பயந்தவள்போல் ஓரக்கண்ணால் பார்த்தேன். என் முகத்துக்கு ஆண்பிள்ளைக் கிராப்பு வைத்துத் திருடனாக வரைந்து முடித்தார்.

"சித்தப்பன் மூஞ்சிய அப்படியே உரிச்சு வச்சிருக்கு. களவாணிக் குடும்பம்!" என்று படத்தைப் பார்த்துச் சித்தி சிரித்தாள்.

நேற்று அதைத் தெருவெல்லாம் ஒட்டினார்கள்; முகம் பார்த்து ஆளைப் பிடிக்கும் தெருக் காமிராக்களுக்கும் ஏற்றிவிட்டார்கள். இன்று நான் பால் வாங்கப் போனபோது, என் முகத்தைப் பார்த்ததும் கடைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கம்பத்துக் காமிரா என் பக்கம் திரும்பியது. சுவரொட்டியில் இருக்கும் திருடனை அது தேடிக்கொண்டிருந்தது.

சித்தப்பாவுக்குப் போன் செய்து நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன்.

"அழாதட்டி. படத்துல இருக்கவன் பயந்து முழிக்கான். நீ சிரி. சிரிச்ச மூஞ்சிய அதுக்குத் தெரியாது."

"தெரியாத ஆளுங்களப் பாத்து எப்படிச் சிரிக்க, சித்தப்பா?"

"சிரிச்சுக்கிட்டே நட. நான் எதிர்ல வாரேன்."

சிரித்தேன். காமிரா விலகியது. கம்பத்துக்குக் கம்பம் சிரித்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கன்னம் வலித்து நடுங்கியது.

தெருமுனையில் சித்தப்பா ஓடி வந்தார். என்னைத் தேடி, பயந்துபோய், ஓரக்கண்ணால் இங்கும் அங்கும் பார்த்தபடி வந்தார்.

"சிரிங்க சித்தப்பா!" என்று கத்தினேன்.

எல்லாக் காமிராக்களும் அவர் பக்கம் திரும்பிவிட்டன.