எழுபத்திரண்டு சதவீதம்

பதினோரு பேர் மட்டுமே இருந்த இணையக் குழுவில் பெனிட்டா பேய்க்கதைகள் எழுதிவந்தாள். கடைசியாகப் போட்ட கதையில் ஒரு தாய் தன் குழந்தையைப் பேய்க்குக் கொடுத்துவிடுகிறாள்.

மூன்றாம் நாள் குழந்தைகள் நல அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

“உங்க கதையை எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் படிச்சிருக்கும்மா. உங்களால உங்க பிள்ளைக்கு ஆபத்து வர எழுபத்திரண்டு சதவீதம் வாய்ப்பு இருக்காம்.”

“மேடம், அது வெறும் கற்பனை!”

“இருக்கலாம். பாப்பாவை மட்டும் உங்ககிட்ட தனியா விடக் கூடாது.”

கணவன் ஜெரால்டு கொதித்துப்போனான். “என் பொண்டாட்டியைப் பத்தி ஒரு மெஷின் சொல்லுமா? கிளம்புங்க!” என்று அதிகாரியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். பெனிட்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்டத் துண்டோடு வந்தாள்.

“நீ இரு, நானே பாத்துக்கறேன்” என்றான் ஜெரால்டு, அவள் முகத்தைப் பார்க்காமல். குழந்தையோடு குளியலறைக்குள் போனவன், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.