கிளிப்பச்சை சீட்டு

"அசல் தோல் சார் இது! வெள்ளைக்காரன் காலத்துல போட்டது. இன்னும் இருவது வருசம் உழைக்கும். இதையா பிய்க்கச் சொல்றீங்க?"

ஆரப்பாளையத்தில் கார் குஷன் கடை வைத்திருக்கும் காசிமாயன் பதறிப்போனான். அந்தப் பழைய மாரிஸ் காரின் பின் சீட்டைப் பெற்ற பிள்ளையைப்போலத் தடவிக் கொடுத்தான்.

"பிச்சிருங்கண்ணே. ரெக்சின் போடுங்க. தோல் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது" என்றார் தல்லாகுளத்து வக்கீல் மலைச்சாமி. கார் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. "போன வாரம் எங்க அப்பாவை ஏறச் சொன்னேன். கதவைத் திறந்ததும் தோல் வாடை. முகத்தைச் சுளிச்சுட்டுப் பொடிநடையாப் போயிட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை ஊர்க்கோயிலுக்கு இதுலதான் அவரைக் கூட்டிட்டுப் போகணும். அவரு ஏறலைன்னா எனக்கு இந்தக் காரே வேண்டாம்."

காசிமாயனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. உயிர்க்கொலை பொறுக்காத மகான் போலிருக்கிறது அந்த அப்பா! இந்தக் காலத்திலும் இப்படி ஒருவரா என்று அவனுக்கு மெய்சிலிர்த்தது.

"விடுங்க சார். மாட்டோட மூச்சுக்காத்துகூடப் படாம முடிச்சுத் தாரேன்!"

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். தோலைப் பிரித்தால் உள்ளே குதிரை முடி. அதையும் வாரிக் கொட்டிவிட்டுப் புதுத் தேங்காய் நாரை அடைத்தான். மேலே கிளிப்பச்சை ரெக்சின், ஓரத்தில் வெள்ளைப் பட்டி. கதவில் தொங்கிய தோல் வாரை அறுத்துவிட்டு நூல் நாடா தைத்தான். சாவியில் ஒரு தோல் வில்லை ஆடிக்கொண்டிருந்தது, அதையும் விட்டுவைக்கவில்லை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் காரைத் தொட்டான். நாலு நாளும் பெண்டாட்டி சின்னத்தாய் கொடுத்துவிட்ட கறிக்குழம்புத் தூக்குவாளி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

"என்னாச்சு? மாலை கீலை போட்டுட்டீகளா?" என்று அவள் மலைத்துப்போனாள்.

வேலை முடிந்ததும் பக்கத்து டீக்கடைப் பேயாண்டியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தான். "எப்படி மாப்ள? தோலெல்லாம் இதுகிட்டப் பிச்சை வாங்கணும்ல!"

பேயாண்டி இரண்டு தடவை குதித்துப் பார்த்தான். "அடேங்கப்பா! எனக்கு இறங்கவே மனசு வரலைய்யா."

ஞாயிற்றுக்கிழமை காலை வக்கீலோடு அந்தப் பெரியவர் வந்தார். சலவை வேட்டி, ஒல்லி உடம்பு. காசிமாயன் ஓடிப்போய்க் கைகூப்பினான்.

"வாங்கய்யா! எல்லாம் உங்களுக்காகத்தான்."

பெரியவர் நேரே காருக்குப் போனார். கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தார். சீட்டை மோந்தார், கதவை மோந்தார், மறுபடி சீட்டுக்கு வந்தார். வக்கீல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் ஏறி உட்கார்ந்தார்.

"ஏறிட்டாருண்ணே!" சின்னப்பிள்ளை மாதிரிக் கூவிக்கொண்டு வக்கீல் காசிமாயனைக் கட்டிப்பிடித்தார். "நீங்களும் கிளம்புங்க. கோயில்ல இன்னைக்குக் கெடா வெட்டு. ஒரு பிடி பிடிப்போம்!"

"கெடா வெட்டா?" காசிமாயன் விழித்தான். "அய்யா... கறி சாப்பிடுவாங்களா?"

"நல்லி எலும்பு இல்லாட்டி நான் இலையை விட்டு எந்திரிக்கவே மாட்டேனே!" என்று உள்ளே இருந்து சிரித்தார் பெரியவர்.

நாலு நாளாகத் திருப்பி அனுப்பிய தூக்குவாளி காசிமாயனின் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. "அப்ப தோல் மட்டும் ஏன்யா உங்களுக்கு ஆகாது?"

பெரியவரின் சிரிப்பு அடங்கியது.

"நாப்பது வருசம் தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டிக்குள்ள நின்ன உடம்பு தம்பி. எம்புட்டுத் தேய்ச்சுக் குளிச்சாலும் அந்த வாடை போகாது. பஸ்ஸுல நான் உக்காந்தா, பக்கத்துல இருக்கவுக எந்திரிச்சுப் போயிருவாக. வேலையை விட்ட பிறகும், தோல் வாடை வந்தாலே அது என் மேலதான் அடிக்குதுன்னு தோணும்."

சற்று ஒதுங்கி இடம் விட்டு, கிளிப்பச்சை சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"வாங்க தம்பி, பக்கத்துல உக்காருங்க. இன்னைக்கு வாடை அடிக்காது."