பிரித்த தையல்

"சர்ர்ர்" என்று சட்டைக் காலரைப் பிரித்து மேஜையில் போட்டாள் தையல் டீச்சர். இன்றைக்கு மட்டும் இது மூன்றாவது தடவை.

"இது காலரா, கசங்கின காகிதமா? முனை எங்கே? உள்ளே துணி சுருங்கி நிக்குது பாரு. திரும்பத் தை."

மொத்த வகுப்பும் சிரித்தது. அதைத் தைத்த, எல்லாரும் 'ஒல்லி' என்று கூப்பிடும் பெண்ணுக்குக் காது மடல்வரை சுட்டது.

அடுத்த மெஷினுக்குப் போனதும் டீச்சர் முகம் அப்படியே மாறிவிட்டது. அங்கே இருந்தவளுக்கு வகுப்பில் 'செல்லம்' என்றே பெயர்.

"அடடா, அருமை! உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும் கண்ணு."

"காலர் ஒரு பக்கம் தூக்குதோ டீச்சர்?" என்று செல்லமே கேட்டாள். டீச்சர் துணியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அந்த ஆறு மாதப் பயிற்சி முழுக்க இதே கதைதான். ஒல்லியின் தையல் நூலளவு பிசகினாலும் டீச்சர் சாக்பீஸால் குறி போட்டு, பிரிக்க வைத்தாள்.

'பாஸ் பண்ணி, மார்க் சீட்டை அந்த மூஞ்சியிலேயே விட்டெறியறேனா இல்லையா பாரு' என்று பல்லைக் கடித்தாள் ஒல்லி. அந்த வெறியிலேயே பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். நாலு மணி நேரம், ஒரு முழுச் சட்டை. ஒல்லி முதலாவதாக வந்தாள். செல்லம் ஃபெயில்.

"காலர் இப்படித் தூக்குதே, ஆறு மாசமா யாருமே உனக்குச் சொல்லலையாம்மா?" என்று மாஸ்டர் கேட்க, செல்லம் உடைந்துபோனாள். கூட்டிப்போக வந்த அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதபடியே வெளியேறினாள்.

ஜன்னலோரம் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் டீச்சர்.

மார்க் சீட்டோடு வந்த ஒல்லிக்கு அதை விட்டெறிய மனம் வரவில்லை. "நீங்க குறி போட்ட ஒரு இடத்துலகூட இன்னைக்குத் தப்பு வரலை டீச்சர். என் மேல ஏதோ கோபம்னு நினைச்சுட்டேன், மன்னிச்சிடுங்க."

டீச்சர் திரும்பவே இல்லை.

"அதோ, மகளைக் கூட்டிட்டுப் போறாரே, அவர் கம்பெனியில பதினோரு வருஷம் தைச்சேன். செய்யாத தப்புக்குத் திருடின்னு பட்டம் கட்டி, அத்தனை பேர் முன்னால துரத்தினார்."

"அப்போ என்னைத்தானே டீச்சர் தினமும் திட்டினீங்க?" என்று கேட்டாள் ஒல்லி.

"உன் மேல கோபம் இருந்திருந்தா, உன்னையும்தான் பாராட்டியிருப்பேனே!"