ஓடைக்குப் புறப்பட்டவள்

புது ஷூவின் நாடாவை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டினாள் அம்மா.

பாப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சித்தி வந்தாயிற்று. சித்தி வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓடுகிறதாம். காலை விட்டால் குட்டி மீன்கள் வந்து கடிக்குமாம். வலிக்காதாம், கிச்சுகிச்சு மூட்டுமாம்.

ஒரு மாதத்துக்கு முன்னால் நிலைமையே வேறு. ‘வெளியே’ என்று வாயெடுத்தாலே அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். தடுப்பூசி போடப் போன வழியில் ஒரு தெருநாயைப் பார்த்து மிரண்டு, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவள்.

அதனால்தான் அம்மா ஆரம்பித்தாள். தினம் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே இருப்பதில் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு கதை.

அவளிடம் அவ்வளவு சரக்கு இல்லை. பிறந்தது சந்தில். வேலை பார்த்தது ஜன்னல் இல்லாத தையல் கூடத்தில். எனவே இரவல் வாங்கினாள்.

கடலையும் அதன் அலையையும் மீன்காரி அக்கா கொடுத்தாள். மூங்கில் காட்டையும் அதில் காற்று நுழைந்தால் வரும் சத்தத்தையும் பக்கத்துப் பாயில் படுக்கும் நர்ஸ் கொடுத்தாள். யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாத டீச்சர், ஒருநாள் தானே எழுந்து வந்து மின்மினியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாள்.

“மரத்துல ஏறினா விழுந்துட மாட்டேனாம்மா?”

“விழுந்தா என்ன? மண்ணு மெத்துமெத்துனு இருக்கும். தாங்கிக்கும்.”

பாப்பா அதுவரை விழுந்து எழுந்ததெல்லாம் சிமெண்டுத் தரையில்தான்.

போன வாரம் முற்றத்தில் ஓர் எறும்பு வரிசையின் பின்னாலேயே போனாள். அது சுவரின் விரிசலுக்குள் நுழைந்து மறைந்ததும், தானும் அந்தப் பக்கம் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள்.

அம்மா ஜெயித்துவிட்டாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஷூ நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் கூப்பிட்டார்கள்.

கதவு வரை அம்மா கூடப் போகலாம். அதற்கு மேல் ஓரடி கூடாது. அங்கே நின்றிருந்த பெண், அழுகையை எதிர்பார்த்துக் கையில் ஒரு மிட்டாயைத் தயாராக வைத்திருந்தாள்.

தேவைப்படவில்லை. சித்தி கையை நீட்டியதும் பாப்பா ஓடியே போய்ப் பிடித்துக்கொண்டாள்.

“நீ வரலியாம்மா?”

“நீ போய் முதல்ல கால விடுடா கண்ணு. நான் பின்னாடியே வந்துடறேன்.”

அதை அப்படியே நம்பிக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனாள் பாப்பா.

ஆறு வயது நிறைந்த பிள்ளையைச் சிறையில் தாயோடு வைத்திருக்கக் கூடாது என்பது விதி. பாப்பாவுக்கு நேற்று நிறைந்தது. அம்மாவுக்கு இன்னும் பதினோரு வருடம் பாக்கி.

சாயங்காலம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள்.

“பொம்பளைங்க பதினாலு, குழந்தை ஒண்ணு” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள் வார்டர்.

வரிசையில் ஒருத்திகூட அதைத் திருத்தவில்லை.