இடது கன்னம்

பாம்பன் கடலின் காலை வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூச, மாப்பிள்ளை சந்தியாகு இடது கன்னத்தில் பிரஷைத் தேய் தேயென்று தேய்க்கிறான். கொழும்பிலிருந்து மச்சான் கொண்டுவந்த சோப்புதான். கிணற்று உப்புத் தண்ணீரில் நுரைக்காமல் திரிந்த பாலாய்ப் பிசுபிசுக்கிறது. பிளேடு மழிக்கவில்லை, பிறாண்டுகிறது. மூன்று இடத்தில் ரத்தம். “சனியன் பிடிச்ச தண்ணி! யக்கா, ஒரு செம்பு நல்ல தண்ணி தாயேன்.” “பந்திக்கு வச்சிருக்கேன்டா. வார சனம் எதைக் குடிக்கும்?” “எரியுதுக்கா!” அவன் போட்ட கத்தலில் அக்காள் முணுமுணுத்துக்கொண்டே அரைச் செம்பு நீட்டுகிறாள். வலது கன்னத்தில் நுரை பஞ்சாய்ப் பொங்குகிறது. பிளேடு வழுக்கிக்கொண்டு போகிறது. தடவிப் பார்க்கிறான், பச்சைப் பிள்ளையின் கன்னம். அதற்குள் மாதா கோயில் மணி அடித்துவிடுகிறது. புதுச்சட்டையில் ரத்தம் படாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பீடத்தின் முன்னால் பெண் அவனுக்கு இடப்பக்கம்தான் நிற்பாள்.